அலசினால் போகும் நீலம்

ஒரு பேனா வாங்கப் போய் ஒரு மனிதரின் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தேன். பேனாவால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், எங்கள் ஃபவுண்டரி யார்டில், ஐப்பசி மழையில் என்ன வேண்டுமானாலும் ஆகும். அந்த மனிதர் எங்கள் லோடிங் மேஸ்திரி. காண்ட்ராக்ட் ஆள். அவருடைய கேட் பாஸ் அன்றைக்குப் பறிபோயிருந்தால் அதற்குக் காரணம் நானும் என் தங்க நிப்பும்தான்.

ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் பழி முழுக்கப் பேனாவின் தலையில் விழும். பேனாவின் மேல் தப்பே இல்லை. என் வலதுகை நடுவிரலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

பத்தொன்பது வருடமாக நான் அங்கே குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பிரேக் டிரம் வார்க்கிறோம். ஊற்றி ஆறிய டிரம்மில் ஓட்டை இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சொன்னால் போதாது, எழுத வேண்டும். மூன்று காப்பி, நடுவில் கார்பன். மூன்றாவது தாளில் எழுத்து விழ வேண்டுமென்றால் பால்பாயின்ட் பேனாவை ஆணி அடிப்பதுபோல அழுத்த வேண்டும். அழுத்தி அழுத்தி நடுவிரலில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு காய்ப்பு. சாயங்காலம் சாம்பாரில் விரலை வைத்தால் சூடுகூடத் தெரியாது.

போன வருடம் ஒரு கஸ்டமர் ஆடிட் நடந்தது. ஆடிட் செய்ய வந்த பெண் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். எல்லாம் முடிந்து இருவரும் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது என் ஸ்டோர் பேனா மக்கர் செய்தது. உதறினேன், உள்ளங்கையில் கிறுக்கினேன், ஊதினேன். அவள் தன் பேனாவைத் திறந்து நீட்டினாள். கறுப்பு உடம்பு, தங்க நிப். பழக்கதோஷத்தில் அழுத்தப் போனேன். "அழுத்தாதீங்க, அதுவே எழுதும்" என்றாள். எழுதியது. என் பெயர் எந்தச் சிரமமும் இல்லாமல் தாளில் வந்து நின்றது. அரை நிமிடம்கூட இருக்காது. பேனாவை வாங்கி மூடிப் பையில் போட்டுக்கொண்டு அவள் காரில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்குப் பிடித்தது பித்து.

எனக்கு இயல்பிலேயே இருப்புக் கொள்ளாது. பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயிலில் போகிற கொஞ்ச நேரத்திலேயே மூன்று இடம் மாறி உட்காருவேன். வீட்டில் குக்கர் விசில் வருவதற்குள் துணி மடித்து, ஜன்னல் துடைத்து, துடைத்த ஜன்னலை மறுபடியும் துடைப்பேன். அப்படிப்பட்டவள் கையில் ஒரு ஆசை கிடைத்தால் என்ன ஆகும்? பதினோரு மாதம் தேடினேன். ரயிலில், டீ டைமில், அடுப்படியில், கல்யாண மண்டபப் பந்தியில் என்று போன் திரையில் ஒரு பேனாவைப் பார்த்தபடி இருந்தேன். பார்த்த பேனாவை வாங்கலாம் என்று முடிவு செய்து படுத்தால் காலையில் அது பிடிக்காது.

எனக்கு நானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டேன். பதினைந்தாயிரத்தைத் தாண்டக்கூடாது. ஆடம்பரம்தான், ஆனால் அடக்கமான ஆடம்பரம். தேடத் தொடங்கிய பிறகுதான் இதற்கென்றே ஒரு உலகம் இருப்பது தெரிந்தது. பேனாப் பைத்தியங்களுக்கு என்று போனில் ஒரு குழு இருந்தது. அதில் சேர்ந்தேன். அங்கே இரண்டு கட்சி. ஸ்டீல் நிப்பே போதும், தங்கம் வெறும் பகட்டு என்று ஒரு கட்சி. தங்கம் இல்லாத பேனாவை ஆடம்பரம் என்று சொல்லவே கூடாது என்று இன்னொரு கட்சி. முதல் பேனா ஜெர்மனியாக இருக்கட்டும், விழுந்தாலும் தாங்கும் என்றார் ஒருவர். ஜப்பான் வாங்குங்கள், அவர்களுடைய ஃபைன் நிப் நம் எழுத்துச் சுழிக்கு ஏற்ற மெலிசு என்றார் இன்னொருவர். எல்லோரும் சொல்வது சரியாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பாரிமுனைக்குப் போனேன். புதுசாகவே வாங்கிவிடுவது என்ற முடிவோடு போனேன். கடைக்காரர் கண்ணாடி மேஜையின் மேல் வெல்வெட் துணி விரித்து ஐந்து பேனாக்களை வைத்தார். நான் என் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். டிரம் விளிம்பில் விரிசல் பார்ப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி. அவர் முகம் மாறியது. முதல் பேனாவின் நிப்பில் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இல்லை. இரண்டாவதன் மூடி திருகும்போது அரைச் சுற்று லூசு. மூன்றாவது நல்ல பேனா, ஆனால் பிடிக்கும் இடம் முக்கோணமாக இருந்தது. அந்த முக்கோணத்தின் ஒரு விளிம்பு சரியாக என் காய்ப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. நான்காவதைக் கையில் எடுத்தபோது, "மேடம், இது ராக்கெட் இல்ல, பேனா" என்றார் கடைக்காரர்.

கோபம் வந்தது. ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். பத்தொன்பது வருடமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறேன். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது எங்கே உடையும் என்றுதான் கண் போகிறது. ரசிக்கிற கண்ணை எங்கோ தொலைத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் வல்லூர் அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"ஒரு பேனாவுக்கு இத்தினி பொருத்தம் பாக்கறியே, என்னைப் பாக்க வந்தப்ப இன்னாடி பாத்தே?"

"அப்ப என்கிட்ட பூதக்கண்ணாடி இல்லீங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் பழைய பேனாப் பக்கம் மனம் திரும்பியது. கணக்கு எளிது. புதுப் பேனாவில் என் பதினைந்தாயிரத்துக்கு நல்ல ஸ்டீல் நிப் கிடைக்கும். அதே பணத்துக்கும் குறைவாக, யாரோ ஒருவர் வாங்கி அலுத்துப்போன தங்க நிப் கிடைக்கும். டப்பாவுக்கும் ரிப்பனுக்கும் முதல் ஆள் பணம் கொடுத்து முடித்திருப்பார். ஆனால் பழசில் வேறு ஆபத்து. மூடியின் விளிம்பில் முடி போன்ற விரிசல் இருக்கலாம். கீழே விழுந்த நிப்பை யாராவது நிமிர்த்தி விற்கலாம். உள்ளே மை இழுக்கும் குழாய் இறுகிப் போயிருக்கலாம். இந்த ஆபத்துகளைப் படிக்கப் படிக்க எனக்கு உற்சாகமாக இருந்தது. விரிசல் பார்ப்பதுதானே என் தொழில்.

குழுவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். திருவள்ளூரில் கிளினிக். மூன்று மாதத்துக்கு ஒரு பேனா வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒரு பேனா விற்கிறவர். அவர் ஒரு ஜப்பான் பேனாவை விற்பதாகப் போட்டார். கரும்பச்சை உடம்பு, தங்க நிப், ஃபைன். விலை என் வரம்புக்குள். எனக்கு முன்னால் யாராவது வாங்கிவிடுவார்களோ என்று பதறி, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பக்கத்தில் இருந்த அம்மாள் "இறங்கப் போறியா இல்லியா" என்று கேட்டுவிட்டாள்.

கோயில் குளத்துக்குப் பின்தெருவில் கிளினிக். விடுமுறை நாள், நோயாளிகள் இல்லை. டாக்டர் என்னை அந்தச் சாய்வு நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். இந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. "இருங்க, வெளிச்சம் பத்தாது" என்று பல் பார்க்கும் விளக்கை இழுத்து நிப்பின் மேல் காட்டினார். அந்த வெள்ளை வெளிச்சத்தில் நிப் பளிச்சென்று நின்றது. இரண்டு முனையும் ஒரே மட்டம். மூடி விளிம்பு சுத்தம். உடம்பில் ஒரே ஒரு கீறல், அதுவும் நகத்துக்குத் தட்டுப்படாத கீறல். உருண்டையான பிடி என் காய்ப்பை ஒன்றும் செய்யவில்லை. எழுதிப் பார்த்தேன். அந்த அரை நிமிடம் திரும்பி வந்தது.

"ஓகே" என்றேன். பதினோரு மாதத்தில் முதல் ஓகே.

பணத்தை வாங்கிக்கொண்டவர், பாதி தீர்ந்த ஒரு மைப் பாட்டிலையும் இலவசமாகக் கொடுத்தார். அழகான நீலம். "இதுல பெரிய சௌகரியம் என்னன்னா மேடம், துணியில பட்டாலும் கவலையே இல்ல. தண்ணியில அலசினா போயிடும். வெள்ளைக் கோட்டு போடறவன் சொல்றேன், நம்புங்க" என்றார். எனக்கு ரொம்ப சந்தோஷம். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெளிர் சுடிதார்களை நினைத்துக்கொண்டேன். நிப்பைப் பற்றிப் பதினோரு மாதம் படித்தவள், மையைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த ஓட்டை என் கண்ணில் படவே இல்லை.

திங்கட்கிழமை பேனாவோடு வேலைக்குப் போனேன். கார்பன் காப்பிக்கு அது உதவாது என்று எனக்கே தெரியும். அழுத்தினால் நிப் போய்விடும். அதனால் எழுதுவதற்கு வேறு எதுவாவது வேண்டுமென்று கை துறுதுறுத்தது. ரிஜிஸ்டரின் ஓரத்தில் எழுதினேன். காலண்டரில் எழுதினேன். கேன்டீன் டோக்கனின் பின்பக்கம் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விரிசல் சோதனையில் ஒரு ஹீட் மாட்டியது. ஒரே உலை உருக்கில் ஊற்றிய டிரம்களை ஒரு ஹீட் என்போம். நாற்பது டிரம். பலவற்றில் விளிம்பை ஒட்டி மெல்லிய விரிசல். பஸ்ஸில் மாட்டி நான்கு பிரேக் அடித்தால் டிரம் பிளந்துவிடும். இரண்டு பேலட்டில், அதாவது மரத்தட்டில், அடுக்கி யார்டின் ஓரத்தில் நிறுத்தச் சொன்னேன்.

இங்கே எங்கள் அட்டைப் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நான் பார்த்து முடித்த பேலட்டில் அட்டை கட்டுவேன். சரியான சரக்குக்கு மஞ்சள் அட்டை, நிறுத்தி வைக்க வேண்டியதற்கு அச்சடித்த சிவப்பு அட்டை. மஞ்சள் அட்டையில் எழுத்துகூடத் தேவையில்லை. அவசரத்தில் வெறும் அட்டையையே கட்டிவிடுவோம். அட்டை இருந்தால் மேடம் பார்த்தாச்சு, ஏற்றலாம் என்று அர்த்தம். அந்த வாரம் ஸ்டோரில் சிவப்பு அட்டை தீர்ந்துவிட்டது. வரும்வரை மஞ்சள் அட்டையிலேயே பெயின்ட் மார்க்கரால் பெரிதாக 'ஹோல்ட்' என்று எழுதிக் கட்டிக்கொண்டிருந்தோம்.

பெயின்ட் மார்க்கர், சுடிதார் மேல் போடும் என் வேலைக் கோட்டின் பையில்தான் இருந்தது. அதன் பக்கத்திலேயே பேனாவும் இருந்தது. கை பேனாவை எடுத்தது. முதல் அட்டையில் 'ஹோல்ட்' என்று எழுதினேன். தடித்த அட்டை, மை இதமாக இறங்கியது. திருப்தியாகவில்லை. இன்னொரு அட்டை எடுத்து, கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் பெரிதாக எழுதினேன். கீழே ஹீட் நம்பர், காரணம், கையெழுத்து. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. லோடிங் மேஸ்திரி அந்தப் பக்கம் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அட்டைகளைக் கம்பியால் கட்டிவிட்டு ஐந்தரைக்கு நான் கிளம்பிவிட்டேன்.

ரயில் கவரப்பேட்டை தாண்டும்போதே மழை. வீட்டுக்கு வந்து, நனைந்ததை மாற்றிக்கொண்டு, காபி போட்டுக்கொண்டு, ஒரு புது நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். மழைச் சத்தமும் புதுப் பேனாவும். ஒரு பக்கம் முழுக்க என் பெயரையே எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை. ஏழு மணி வாக்கில் போன் அடித்தது. மேஸ்திரியின் நம்பர். நிம்மதியாக உட்காரும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள் என்று எரிச்சலோடு போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் அடித்தது. இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததையே அப்புறம் மறந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு யார்டில் கால் வைத்தபோது அந்த ஓரம் காலியாக இருந்தது.

முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு லோடிங் ஷெட்டுக்கு ஓடினேன். ஏற்றிய பேலட்டின் அட்டைகளைக் கழற்றி ஒரு கம்பிக் கொக்கியில் குத்தி வைப்பார்கள். மேலே இரண்டு மஞ்சள் அட்டை, ஈரமாக. எழுத்தே இல்லை. அங்கங்கே லேசான நீலக்கறை, சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி. என் கையெழுத்து இருந்த இடம் எது என்றுகூடத் தெரியவில்லை. 

வண்டி ஆறு மணிக்கே கிளம்பிவிட்டது. கடம்பத்தூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போகிற லோடு. அங்கே டிரம்மைக் கடைந்துவிட்டால் மேலே நாங்கள் பெயின்டில் எழுதிய ஹீட் நம்பர் போய்விடும். மற்ற டிரம்களோடு கலந்துவிட்டால் எது எங்களுடைய விரிசல் டிரம் என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டறைக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. டிரைவருக்குப் போன் செய்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. மழையில் யார்டை மேலும் கீழும் நடந்தேன். எட்டாவது முறை, ஒன்பதாவது முறை. போன் அடித்தும் எடுக்காமல் இருக்கும் மனிதர்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தின் நடுவில்தான் முந்தின நாள் கவிழ்த்து வைத்த போன் ஞாபகம் வந்தது.

பதினோராவது முறை டிரைவர் எடுத்தார்.

"இன்னா மேடம், இத்தினி தபா அடிச்சிக்கிறே? நாஷ்டா துன்னுகினு இருந்தேன், போனு வண்டில மாட்டிக்கினுச்சி."

"எங்க இருக்கீங்க?"

"திருவள்ளூரு இன்னும் தாண்டல."

"தாண்டாதீங்க. அப்படியே திருப்புங்க."

"ஏத்துன லோட திருப்பறதா? டீசலு யாரு குடுப்பா?"

"நான் குடுக்கறேன், திருப்புங்க!" என்று கத்தினேன். ஷெட்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்பது டிரம்மும் பத்து மணிக்கு யார்டுக்குத் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்தேன், நம்பர் பார்த்தேன், மறுபடியும் எண்ணினேன். ரோட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கேட்டைத் தாண்டிப் போன லோடு. கஸ்டமருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். பதினொரு மணிக்கு மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார்.

எங்கள் தொழிலில் தப்பு நடந்தால் நிரப்ப வேண்டிய ஒரு தாள் உண்டு. 'ஏன்-ஏன்' என்று சொல்வோம். ஐந்து கோடு இருக்கும். தப்பு ஏன் நடந்தது என்று முதல் கோட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு ஏன் என்று இரண்டாவதில், அதற்கும் ஏன் என்று மூன்றாவதில், இப்படி ஐந்து ஏன் கேட்டால் வேர் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. நடைமுறையில் முதல் கோட்டிலேயே ஒரு காண்ட்ராக்ட் ஆளின் கவனக்குறைவு என்று எழுதி, மீதி நான்கையும் அதற்கேற்ப ஜோடித்துவிடுவார்கள். மேனேஜர் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு மேஸ்திரியைப் பார்த்தார்.

"எழுத்தே இல்லாத அட்டையப் பாத்து ஏத்தியிருக்க. ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா? நாளையிலிருந்து உன் கேட் பாஸ் கட்."

மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த யார்டில் இருப்பவர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். மேடத்துக்கு ரெண்டு தபா போன் பண்ணேன் சார், எடுக்கல. ஒரே ஒரு வரி.

"கார்டு இருந்துச்சி சார். மேடம் பாத்துட்டாங்கன்னு ஏத்திட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த நொடியில் எனக்கு வந்தது நன்றி இல்லை, வெட்கமும் இல்லை. 'அப்பாடா' என்றுதான் இருந்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. தப்பித்தேன் என்று உடம்பே லேசானது. இரண்டு மூச்சு விடும் நேரம் அப்படி இருந்தேன். பிறகு தாளைப் பார்த்தேன். 'ஏன்' என்று ஐந்து முறை அச்சடித்திருந்தது.

கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினேன். மேஸ்திரி காதில் செருகியிருந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்து நீட்டினார்.

"இதுல எழுதுங்க மேடம். அது போயிடும்."

அவர் குரலில் கிண்டல் இல்லை. காலையில் அந்த அட்டைகளைக் கொக்கியில் குத்தியவர் அவர்தானே. எப்போது புரிந்துகொண்டாரோ தெரியாது. வாங்கிக்கொண்டேன். வாய் நசுங்கிய, மூடி இல்லாத பேனா. என் காய்ப்பில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அழுத்தி எழுதினேன். டிரம் ஏன் போனது, அட்டை வெறுமையாக இருந்ததால். அட்டை ஏன் வெறுமையானது, மழையில் மை கரைந்ததால். கரைகிற மையில் ஏன் எழுதப்பட்டது, இன்ஸ்பெக்டர் தன் சொந்தப் பேனாவால் எழுதியதால். பெயின்ட் மார்க்கர் இருந்தும் ஏன் சொந்தப் பேனா? இங்கே கொஞ்சம் நின்றேன். புதிதாக வாங்கியது என்று எழுதினேன். ஐந்தாவது கோடு பாக்கி. ஏன்? வேறு பதில் எதுவும் வரவில்லை. 'ஆசையாக இருந்தது' என்று எழுதினேன்.

ஆறாவது கோடு அந்தத் தாளில் கிடையாது. ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில், லோடிங் மேஸ்திரி முந்தின நாள் மாலை இரண்டு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை என்று எழுதி, போனைத் திறந்து அந்த இரண்டு சிவப்பு வரிகளையும் மேனேஜரிடம் காட்டினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, "மேடம், ஆசைன்னெல்லாம் கஸ்டமருக்கு எழுதி அனுப்ப முடியாது" என்றார். அதை அடித்துவிட்டு, மை வகை நிர்ணயிக்கப்படாததால் என்று அவரே மாற்றினார். எனக்கு ஒரு மெமோ வந்தது. யார்டில் இங்க் பேனா கூடாது என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். கம்பெனியில் அப்படி ஒரு பேனா வைத்திருந்தது நான் ஒருத்திதான், அதனால் அது எனக்காகவே ஒட்டிய தாள். கேட் பாஸ் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் டீக்கடை ஓரத்தில் மேஸ்திரியைப் பிடித்தேன். மழை விட்டிருந்தது.

"ஏண்ணா சொல்லல? போன் பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க மேல பழியே வந்திருக்காதே."

மேனேஜர் ரூமில் என்னை 'மேடம்' என்று கூப்பிட்ட மரியாதை வெளியில் அவருக்குத் தேவைப்படாது. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நீ அந்தக் கார்டு எழுதச்சொல்ல நான் அங்கதாம்மா நின்னுக்கினு இருந்தேன். ஒண்ணு எழுதி, அது புடிக்காம இன்னொண்ணு எழுதி, அதத் தள்ளி வெச்சிப் பாத்து நீயே சிரிச்சிக்கினே. பத்தொம்போது வருசமா பாக்கறேன், இந்தக் கம்பெனில ஒரு பொருளப் பாத்து நீ சிரிச்சதில்ல. எத எடுத்தாலும் மூஞ்சி சுளிச்சிக்கினுதான் பாப்பே. அந்தப் பேனாவால உனுக்கு பேஜாரு ஆவணுமான்னு இருந்துச்சி. எனக்கு இன்னா, ஆந்திரா பார்டர் தாண்டி தடா பக்கம் போனா வேற கம்பெனி."

 டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுக்குன்னு போன எடுக்காத இருப்பியா?" என்றார் கொஞ்சம் கழித்து. இப்போது நிஜமாகவே கோபமாக இருந்தார். "விரிசலு உள்ள பார்ட்டு எத்தினி பேரு கால ஒடைக்கும்னு உனுக்குத் தெரியாதா? கார்டுல எழுத்து அழிஞ்சி சந்தேகமா கீதுன்னுதானே கூப்புட்டேன்."

"தெரியும்ணா" என்றேன்.

பேனாவை நான் விற்கவில்லை. பல் டாக்டரின் நீலத்தை வாஷ்பேசினில் கொட்டி, தண்ணீரில் கரையாத கறுப்பு மை வாங்கிப் போட்டிருக்கிறேன். அது துணியில் பட்டால் போகாது. இரண்டு சுடிதாரில் போகவும் இல்லை. யார்டில் பெயின்ட் மார்க்கர். வீட்டில் மட்டும் இந்தப் பேனா. இதையும் அதில்தான் எழுதுகிறேன். இந்த மை நிப்பில் காய்ந்தால் கழுவி எடுப்பது பெரும்பாடு, எழுதாத நேரத்தில் மூடியே வைக்க வேண்டும் என்று குழுவில் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தின் நடுவில் இரண்டு முறை போன் அடித்தது. இரண்டு முறையும் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். நிப் காய்ந்தால் காயட்டும்.